விரிய மறுக்கும் இருதயம்

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வீட்டில் ஒரு பெரியவள் சொன்னால், அதற்கு நம் குடும்பங்களில் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. "வயசாச்சே, இருக்காதா?" என்பது ஒன்று. "உடம்பைக் கொஞ்சம் குறைச்சாத்தான் என்ன?" என்பது இரண்டாவது. "எதற்கெடுத்தாலும் கவலைப்பட்டால் இப்படித்தான்" என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் மூன்றுமே விசாரணையை அந்த இடத்திலேயே முடித்து மூடி வைத்துவிடுகிற பதில்கள். இந்த வாரம் அந்த விசாரணையைச் சற்றே நீட்டிப் பார்க்கலாம் என்று உத்தேசம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டிச் சிறுசேரிப் பக்கம் போய்ப் பாருங்கள். வயல்வெளியாக இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் வானத்தை எட்டிப் பார்க்கின்றன. பிள்ளையும் மருமகளும் சிப்காட்டில் உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போய்விட, பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து சேர்ந்த பாட்டிமார்கள் அங்கே எத்தனையோ பேர். அவர்களுக்கு லிப்ட் பெரிய சௌகரியம். ஆனால் அந்த சௌகரியத்தில் ஒரு சூட்சுமம் உண்டு: லிப்ட் ஓடுகிற வரையில், பாட்டிக்கு மூச்சு வாங்குவது பாட்டிக்கே தெரியாது. என்றைக்காவது ஒருநாள் லிப்ட் மக்கர் செய்து, இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோதுதான் விஷயம் வெளியே வருகிறது.

பிறகு என்ன நடக்கும்? பிள்ளை பதறிப் போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவான். இ.சி.ஜி. எடுப்பார்கள், எக்கோ எடுப்பார்கள். "பம்பிங் அறுபது சதவிகிதம், நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்குத் திரும்பினால், அம்மாவுக்கு அதே மூச்சு, அதே களைப்பு. இரவில் ஒரு தலையணை போதாமல் இரண்டு கேட்கிறாள். ஆனால் இப்போது அவள் பேச்சு எடுபடாது. "அதுதான் ரிப்போர்ட்டே நன்றாக இருக்கிறதே, அம்மா!" என்கிறார்கள். நாளாவட்டத்தில் அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்து, சொல்வதையே நிறுத்திவிடுகிறாள்.

ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை. அம்மாவும் பொய் சொல்லவில்லை. இது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

இருதயத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுவது. மற்றொன்று விரிந்து ரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்வது. நாம் எல்லோரும் முதல் வேலையையே பெரிதாக நினைக்கிறோம். 'பம்பிங்' என்று பேச்சுவழக்கில் சொல்வதும் அதைத்தான். கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பார்க்காதவர்கள் பஜனை மடத்து ஹார்மோனியத்தையாவது பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் காற்று வெளியே வருகிறது, வாஸ்தவம். ஆனால் அழுத்துவதற்கு முன்னால் துருத்தி விரிந்து காற்றை வாங்கியிருக்க வேண்டும் அல்லவா? தோல் பதமாக இருந்தால் அது லகுவாக விரியும். காய்ந்து விறைத்துப் போன தோலாக இருந்தால், எத்தனை பலசாலி அழுத்தினாலும் உள்ளே வாங்கியதுதானே வெளியே வரும்?

நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்கும் இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய 0.8 விநாடி. அதில் சுருங்குவதற்கு 0.3 விநாடி, விரிந்து நிரம்புவதற்கு 0.5 விநாடி. நிரம்புகிற நேரம்தான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். இந்த நேரத்தை டாக்டர்கள் 'டயஸ்டோல்' என்கிறார்கள். ரத்தக் கொதிப்புப் பார்த்து 130க்கு 80 என்று எழுதுகிறார்களே, அதில் இரண்டாவதாக வரும் எண் இந்த வேளையில் ரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தம்.

விரிவது என்றால் ஓய்வெடுப்பது என்று நினைத்துவிட வேண்டாம். தசை சுருங்குவதற்காக அதன் அணுக்களுக்குள் பாய்ந்த கால்சியத்தை மறுபடி கிடங்குக்குள் இறைத்துப் போட்டால்தான் தசை தளரும். அப்படி இறைப்பதற்குச் சக்தி செலவாகிறது. இருதயத்துக்கு இளகுவதும் ஓர் உழைப்பு. அதுமட்டுமல்ல, சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களையே இருதயம் நெரித்துவிடுவதால், உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இடது கீழறை, தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் விரியும் சமயத்தில்தான் பெற்றுக்கொள்கிறது.

இந்த இடது கீழறையின் சுவர் தடித்து விறைப்பாகிவிட்டால், மேலறையிலிருந்து வரும் ரத்தம் எளிதில் உள்ளே இறங்காது. இறங்க வேண்டுமானால் அழுத்தம் கூட வேண்டும். அந்த அழுத்தம் மேலறையில் ஏறி, அங்கிருந்து பின்னால் நுரையீரல் வரைக்கும் போய் நிற்கிறது. மூச்சு வாங்குவதற்குக் காரணம் அதுவே. மாடி ஏறும்போது இருதயம் நிமிஷத்துக்கு 120 தடவை துடித்தால், நிரம்புவதற்குக் கிடைக்கும் அரை விநாடி கால் விநாடியாகக் குறைந்துவிடுகிறது. பதமான இருதயம் சமாளித்துக்கொள்ளும். விறைத்த இருதயம் திணறும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில் ராணி மாதிரி இருப்பவள், பத்துப் படி ஏறியதும் வாய் திறந்து மூச்சு விடுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

தாம்பரம் வட்டாரத்துக்காரர்களுக்கு மூச்சுத் திணறல் என்றதும் நுரையீரல் ஞாபகம் வருவது சகஜம். 1928ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய்க்காரர்களுக்காக ஆரம்பித்த சானடோரியத்தை, 1937ல் அரசாங்கம் ஏற்று நடத்தத் தொடங்கியது. ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். நுரையீரலைச் சந்தேகிப்பது நியாயமே. ரத்த சோகையையும் தைராய்டையும்கூடச் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆனால் நுரையீரலில் தேங்கும் நீர் இருதயத்தின் விறைப்பினால் வந்திருக்கலாம் என்பதும் அந்த ஜாபிதாவில் இருக்க வேண்டும்.

இனி அந்த அறுபது சதவிகிதத்துக்கு வருவோம். அது என்ன கணக்கு? இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் அது. நல்ல இருதயத்தில் 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியே போனால், ஏறக்குறைய 58 சதவிகிதம். விறைத்த இருதயத்தில் 90 மில்லிதான் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 54 மில்லி போனால் சரியாக 60 சதவிகிதம்! பங்கு கூடியிருக்கிறது, வரும்படி குறைந்திருக்கிறது. படி நிறைய அளந்து பாதி கொடுத்தவளும், ஆழாக்கு அளந்து பாதி கொடுத்தவளும் "பாதி கொடுத்தேன்" என்றுதான் சொல்லுவார்கள். வாங்கிப் போனவர்கள் வீட்டில் உலை வைக்கும்போது தெரியும் வித்தியாசம். அளவு இவ்வளவு குறையாவிட்டாலும், அதே அளவை நிரப்ப அதிக அழுத்தம் தேவைப்பட்டால் அதுவும் தொல்லைதான்.

இருதயச் செயலிழப்பு என்றதும் இருதயம் நின்றுபோவது என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியல்ல; உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை, அழுத்தம் ஏறாமல் அனுப்ப முடியாத நிலை அது. சுருங்கும் சக்தி குறைந்து வருவது ஒரு வகை. சுருங்கும் சக்தி நன்றாகவே இருந்து, விரிவதில் கோளாறு வருவது இன்னொரு வகை. மேல்நாடுகளில் இருதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த இரண்டாவது வகை. அந்த வகையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஆபத்து ஏறுகிறது.

நம் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2013ல் திருவனந்தபுரம் ஜில்லாவில் 18 ஆஸ்பத்திரிகளில் இருதயச் செயலிழப்புடன் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் சுமார் 26 சதவிகிதம் பேருக்கு 'பம்பிங்' கெடாமல் இருந்தது. பின்னால் தேசிய அளவில் 53 ஆஸ்பத்திரிகளில் 10,851 பேரைப் பதிவு செய்தபோது இந்த வகையினர் சுமார் 13 சதவிகிதமே. இரண்டு கணக்கிலும் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் நாட்டில் மாரடைப்பினால் வரும் செயலிழப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: இவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் கணக்கு. "வயசாச்சு" என்ற பதிலோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவள் எந்தப் பதிவேட்டிலும் ஏறமாட்டாள்.

பெண்களின் மூச்சுத் திணறலை அலட்சியம் செய்யாமல் ஏனென்று கேட்ட ஒரு பெண்மணியை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் எஸ். பத்மாவதி 1917ல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் டாக்டர் பட்டம் பெற்றவர். யுத்தத்தின்போது, 1942ல், தாயார் சகோதரிகளுடன் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார். பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருதய சாஸ்திரம் படித்து, நம் நாட்டின் முதல் பெண் இருதய நிபுணரானார். டில்லியில் அவர் சக டாக்டருடன் 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959ல் வெளியிட்ட கட்டுரை, நுரையீரல் கெட்டு அதனால் இருதயம் கெடும் நோயைப் பற்றியது. புகைபிடிக்காத பெண்களுக்கு அது ஏன் வருகிறது என்று தேடியபோது, விறகடுப்புப் புகையின் மேல் சந்தேகம் விழுந்தது. நோயின் வேர் சமையலறையில் இருந்தது! அது வேறு நோய்; ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். 2020ல், தமது 103வது வயதில் அவர் காலமானார்.

எக்கோ பரிசோதனை வந்த கதையும் ரசமானது. ஸ்வீடனில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக நிபுணரும், கப்பல் கட்டும் தளங்களில் உலோகத்தில் வெடிப்பு உண்டா என்று ஒலி அலையால் பார்க்கும் கருவியை 1953ல் இருதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அதன் வழிவந்த இன்றைய கருவி, கீழறை எத்தனை சுருங்குகிறது என்பதோடு, ரத்தம் எந்த வேகத்தில் உள்ளே இறங்குகிறது, சுவர் எத்தனை சுறுசுறுப்பாகத் தளர்கிறது, மேலறை வீங்கியிருக்கிறதா என்பதையும் அளந்து சொல்லும். ஆகவே ரிப்போர்ட்டில் 'பம்பிங்' வரியோடு நின்றுவிடாதீர்கள். "டாக்டர், விரிவது எப்படி இருக்கிறது? மேலறை பெரிதாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால், இருதயத்தின் இழுபறியைக் காட்டும் 'பி.என்.பி.' என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வந்து, ரிப்போர்ட்டில் 'முதல் தர டயஸ்டாலிக் டிஸ்பங்ஷன்' என்ற வரியைப் பார்த்ததும், இருதயமே போய்விட்டது என்று இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: மூச்சுத் திணறலும் வீக்கமும் இல்லாமல் இந்த வரி மட்டும் இருந்தால், அது இருதயச் செயலிழப்பு அல்ல. வயதானவர்களில் ஏராளமானவர்களுக்கு அந்த வரி வரும். தலை நரைப்பதைப் போல, இருதயமும் வயதோடு கொஞ்சம் விறைக்கிறது. அது அபாயச் சங்கல்ல. "ரத்தக் கொதிப்பைப் பார், சர்க்கரையைப் பார், எடையைப் பார்" என்று வந்திருக்கும் கடிதம்.

ஏன் அந்த மூன்று? வருஷக் கணக்காக அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் இருதயச் சுவர், பளு தூக்குகிறவன் புஜத்தைப் போலத் தடிக்கிறது. சர்க்கரை வியாதியும், அதிக எடையும், சிறுநீரகக் கோளாறும், தூக்கத்தில் மூச்சடைத்துக் குறட்டை விடுவதும் அந்த விறைப்புக்குத் துணைபோகின்றன. எல்லாவற்றிலும் மூத்த குற்றவாளி ரத்தக் கொதிப்பே.

"இந்த வயசுக்கு மேல் மாத்திரை எதற்கு?" என்று கேட்கும் பாட்டிமார்களுக்கு ஒரு செய்தி. 80 வயதைத் தாண்டிய 3,845 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2008ல் வெளியாயிற்று. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டவர்களிடையே இருதயச் செயலிழப்பு 64 சதவிகிதம் குறைந்திருந்தது. எண்பதிலும் பலன் உண்டு என்றால் ஐம்பதில் கேட்பானேன்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. வீடு வரைக்கும் வந்த மாத்திரை வாய்க்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

சிறுசேரிக்குத் தெற்கே கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், போதும் என்கிறது. நம் நாட்டில் சராசரி சுமார் 8 கிராம் என்று தேசிய ஆய்வு ஒன்று கண்டிருக்கிறது. குழம்பில் போடும் உப்பு நம் கைக்கு அடக்கம். அப்பளம், வடாம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு, பாக்கெட்டுப் பலகாரம் என்று ஒளிந்து வருவதுதான் கணக்கைக் கெடுக்கிறது. ரத்தத்தில் உப்பு ஏறினால் அதன் பின்னாலேயே தண்ணீரும் ஏறும். விறைத்த இருதயத்துக்கு அந்தச் சுமை தாங்காது.

இன்னொரு ஒளிந்த குற்றவாளி முழங்கால் வலி மாத்திரை. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோமே, அந்த வலி நிவாரணிகளில் பல உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். இருதயத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் முழங்கால் மாத்திரையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வைத்தியம் உண்டா என்றால், உண்டு. அதுவும் சமீபத்தில் வந்தது. சுருங்கும் சக்தி குறைந்தவர்களுக்குக் கைகொடுத்த மருந்துகள், இந்த வகைக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஏமாற்றம் அளித்தன. தேங்கிய நீரை வெளியேற்றும் மாத்திரை மட்டும் துணையாக இருந்தது. 2021ல், சர்க்கரை வியாதிக்காக வந்த எம்பாகிளிப்ளோசின் என்ற மருந்தை 5,988 பேரிடம் சோதித்தார்கள். இரண்டு வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 17 பேர் இருதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இருதய நோயால் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் அது 14 ஆகக் குறைந்தது. மாயமந்திரம் இல்லை, ஆனால் முன்பு கிடைக்காதது. அதன் சகோதரியான டாபாகிளிப்ளோசின் 2022ல் அதே பலனைக் காட்டியது. ஆகவே, "எனக்குச் சர்க்கரையே இல்லையே, சர்க்கரை மாத்திரை எழுதியிருக்கிறாரே!" என்று கோபித்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது.

படுத்த படுக்கையாக ஓய்வு எடுப்பதும் மருந்தல்ல. டாக்டர் அனுமதித்த அளவில் தினமும் நடப்பது, களைப்பில்லாமல் செய்யக்கூடிய வேலையின் அளவை உயர்த்துகிறது. கோயில் பிரகாரம் ஆனாலும் சரி, அடுக்குமாடியைச் சுற்றியுள்ள பாதை ஆனாலும் சரி.

வீட்டில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: போன தீபாவளிக்குச் சாதாரணமாக ஏறிய படியில் இப்போது நடுவில் நிற்பது; மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை கூடுவது; நடு இரவில் மூச்சடைத்து எழுந்து உட்காருவது; சாயங்காலமானால் செருப்பு வாரும் கொலுசும் காலில் பதிவது; இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது. கடைசியில் சொன்னது சதையல்ல, நீர். இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நாடி தாறுமாறாக ஓடினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108க்குச் சொல்லியனுப்புங்கள்.

நம் வீடுகளில் ரத்தக் கொதிப்புக் கருவி வாங்குவது அப்பாவுக்காக. அவருக்குப் பார்த்து, எழுதி வைத்து, மாத்திரையும் தண்ணீரும் கையில் கொடுப்பவள் அம்மா. அவள் கையில் அந்தப் பட்டையைக் கட்டியது கடைசியாக எப்போது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காப்பி சாப்பிடுவதற்கு முன், ஐந்து நிமிஷம் அவளைச் சும்மா உட்கார வைத்து, அந்தப் பட்டையை அவள் கையில் கட்டுங்கள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன்" என்று அவள் சொல்லுவாள். இருதயம் கல்லு மாதிரி ஆகிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்.